நேற்றுப் போனவரைக் கூப்பிடுங்கள்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினர் எனக்குக் கொடுத்த பொருள் ‘பள்ளியும் சமூகமும்’. அவ்வளவு அகலமான தலைப்பை ஒரு மணி நேரத்தில் தொட்டுவிட்டு ஓட எனக்கு விருப்பமில்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டு குறுக்கிவிட்டேன். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்துப் போனவர்கள், இன்று அதே பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு உருப்படியாக என்ன செய்யலாம், அதற்கு எப்படிச் சேர வேண்டும் என்பது மட்டுமே இன்றைய பேச்சு. பெரிய தனியார் பள்ளிகளின் சங்கங்களுக்கு நம் யோசனை தேவைப்படாது, அவற்றை விட்டுவிடுவோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கூட்டம், கண் அசருகிறவர்கள் அசரலாம். ஒரு பள்ளிக்கு மிகவும் பயன்படக்கூடிய முன்னாள் மாணவர், இருபத்தைந்து வருடத்துக்கு முன் படித்துவிட்டு இன்று வெளிநாட்டில் வசதியாக இருப்பவர் அல்லர். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் பள்ளியை விட்டுப் போய், இப்போது கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ படித்துக்கொண்டிருக்கிற பையனும் பெண்ணும்தான். நாமோ அவர்களை முன்னாள் மாணவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மே மாதத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதோ ஒரு பேட்ச் சங்கமம் என்று ஃபிளெக்ஸ் தொங்குகிறது. ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, பழைய வகுப்பறையில் பழைய இடத்தில் உட்கார்ந்து ஒரு படம், மதியம் பிரியாணி. கேலி செய்யவில்லை. இருபது வருடம் தொடர்பற்றுப் போனவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் கொண்டுவருவது லேசான காரியமல்ல. அதைச் செய்து முடிக்கிற இரண்டு மூன்று பேர் எந்த அமைப்பையும் நடத்தத் தகுதியானவர்கள். சாப்பாடு முடிந்ததும் ‘பள்ளிக்கு ஏதாவது செய்வோம்’ என்று பேச்சு வரும். ஒரு பீரோ, நாலு மின்விசிறி, ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம், கொஞ்சம் வசதி இருந்தால் ஸ்மார்ட் போர்டு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் நிற்பதுபோல, பீரோ கதவில் பேட்ச் பெயர் ஏறும். இயந்திரத்தின் வடிகட்டியை அடுத்த வருடம் யார் மாற்றுவது என்று ஒருவரும் கேட்க மாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனை கொண்டாட்டம் நடக்கும் அன்று, அந்தப் பள்ளியில் இப்போது படிக்கிற ஒரு பிள்ளைகூட அங்கே இருக்காது. மே மாதம், விடுமுறை.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராஜர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். நிலமும் கட்டடமும் கொடுத்தவர்கள் உண்டு. பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று தம்மால் ஆனதைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. 1951 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். அப்படியென்றால் அந்த மேடைகளில் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிகளில் படித்திருப்பார்கள்? தமக்கு வாய்க்காதது தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும் என்று கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது பொருள், பொருளைக் கொடுத்தார்கள். இன்றைய முன்னாள் மாணவரிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து, இந்தப் பள்ளியிலிருந்து, தமிழ்வழியில் படித்துவிட்டு ஒரு கல்லூரிக்குள்ளும் ஓர் அலுவலகத்துக்குள்ளும் எப்படி நுழைவது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டு, 1958இல் கொடுத்த அதே பெஞ்சைத்தான் அவரும் கொடுக்கிறார்.

பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இன்று வாசல்கள் இருக்கின்றன. 2022 டிசம்பர் 19 அன்று ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். அதன் வழியாக யாரும் எந்த அரசுப் பள்ளிக்கும் பணம் அனுப்பலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். பள்ளிக்கு என்ன குறை என்று அவர்களுக்குத் தெரியும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அந்தக் குழு சொல்லும்போது நாம் ஸ்மார்ட் போர்டோடு போய் நிற்கக் கூடாது. பொருளைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

இனி என் மனத்தை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள்வரை உள்ள இடைவெளி. பிள்ளைகளை நாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தொலைக்கிறோம். ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியைப் பொறுத்தவரை அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டவள். கல்லூரிக்கு அவள் இன்னும் வெறும் விண்ணப்ப எண். வீட்டிலோ கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அந்த வாரங்களில் அவள் செய்தாக வேண்டிய வேலைகளைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றும் இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாக நகர வேண்டும். ஒரு பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பி வரும். அப்பாவுக்குக் கூலி வேலை, ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மூன்றாவது முறை திரும்பி வந்ததும், ‘மில்லுக்கே போகட்டும்’ என்று வீட்டில் ஒரு குரல் எழும். அந்தக் குரலை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதைத் தாண்டினால் கலந்தாய்வு. பொறியியல் தரவரிசைக்குக் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூற்றுக்கு கட்-ஆஃப் போடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்பதில்தான் விவரம் இருக்கிறது. கணினி மேலிருந்து கீழாகத் தேடும். முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் வருகிறது என்று ஒரு சுமாரான கல்லூரியை முதலில் போட்டு, தன் மதிப்பெண்ணுக்கு நிச்சயமாகக் கிடைத்திருக்கக்கூடிய அரசுக் கல்லூரியை ஐந்தாவதாகப் போடுகிறாள் ஒருத்தி. இயந்திரம் ஐந்தாவதுவரை போகவே போகாது. ஏனம்மா அப்படிப் போட்டாய் என்று கேட்டால், தூரத்துக் கல்லூரி என்றால் ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியாதே என்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அவளுக்கு அது தெரியாது. கேள்விப்பட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். பணம் கேட்காமல் ஹாஸ்டலில் சேர்ப்பார்கள் என்பதை ஒரு துண்டறிக்கை சொன்னால் யார் நம்புவார்கள்? போன வருடம் அப்படிச் சேர்ந்த பக்கத்துத் தெரு அக்கா சொன்னால் நம்புவார்கள்.

இதற்காகத்தான் நேற்றுப் போனவரைக் கூப்பிடுங்கள் என்கிறேன். அரசு தன் பங்குக்குச் செய்கிறது. ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’, சேராமல் விட்டவர்களைத் தேடும் ‘உயர்வுக்குப் படி’ எல்லாம் இருக்கின்றன. கல்லூரி போனால் மாதம் ஆயிரம் ரூபாய், பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். திட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆங்கிலத்தில் கணக்குப் பாடம் நடத்தும்போது தமிழ்வழியில் வந்தவள் முதல் செமஸ்டரை எப்படித் தாண்டினாள், ஓர் அரியர் விழுந்தால் ஊருக்கு ஓடிவர வேண்டியதில்லை என்பதையெல்லாம் எந்தத் திட்டத்தின் கையேடும் சொல்லாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் போனவருக்கும் இது தெரியாது. அவர் காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது, கலந்தாய்வுக்குச் சென்னைக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அவர் சொல்லும் அறிவுரை அக்கறையானதுதான், காலாவதியானது.

நேற்றுப் போனவரைக் கூப்பிடுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நூறு வருடப் பள்ளிக்குப் பெரிய மனிதர்கள் பழைய மாணவர்களாக இருப்பார்கள். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி ராமானுஜனைச் சொல்லிக்கொள்ளலாம், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி அப்துல் கலாமைச் சொல்லிக்கொள்ளலாம். சில வருடத்துக்கு முன்தான் மேல்நிலையாகத் தரம் உயர்ந்த பள்ளி யாரைச் சொல்லும்? ஆனால் எந்தப் பள்ளிக்கும் போன வருடம் படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். பழைய பள்ளியும் புதிய பள்ளியும் சமமாக நிற்கிற ஒரே இடம் இதுதான்.

பழைய மாணவரை எப்படிச் சேர்ப்பது என்பது யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் இன்னும் விளங்கும். அங்கே ‘பழைய மாணவர் சங்கம்’ என்பது நம்மிடம் உள்ளதைப்போல மேடை வாசகம் அல்ல. யாழ் இந்துக் கல்லூரி என்ற பள்ளியின் சங்கம் 1905இல் தோன்றியது. போர் ஆட்களைச் சிதறடித்தபோது, அவர்கள் போய்ச் சேர்ந்த லண்டன், டொரன்டோ, சிட்னி என்று ஒவ்வொரு நகரிலும் யாழ்ப்பாணப் பள்ளிகளின் சங்கங்களுக்குக் கிளைகள் முளைத்தன. ஊர் கைவிட்டுப் போன காலத்தில் பலருக்குப் பள்ளிதான் ஊராக இருந்தது. அவர்களிடம் நான் மெச்சுவது அனுப்பிய பணத்தை அல்ல, அவர்களின் நாட்காட்டியை. யாழ் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் ஆடும் கிரிக்கெட் ஆட்டம், ‘வடக்கின் பெரும் போர்’ என்பார்கள், 1904இல் தொடங்கியது. பழைய மாணவர் அன்று வந்து கூடுவது இன்றைய மாணவன் மட்டை பிடிப்பதைப் பார்க்க. பரிசளிப்பு விழாவுக்கு வந்தாலும் பரிசு வாங்குகிறவன் இன்றைய மாணவன். கூடும் நாளில் பிள்ளைகள் நடுவில் இருக்கிறார்கள். நம் மே மாதச் சங்கமத்தை ஜூலைக்கோ ஆகஸ்டுக்கோ தள்ளினாலே பாதி வேலை முடியும் என்று இதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. குறையும் அங்கே உண்டு. பெயர் பெற்ற கல்லூரிகளுக்குக் கண்டத்துக்கு ஒரு கிளை. வன்னியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அப்படிக் கடல் கடந்த கூட்டம் ஏது? பழைய மாணவரின் வசதியை மட்டும் நம்பினால், ஏற்கெனவே உள்ளவனுக்கே மேலும் சேரும்.

அடுத்து, முன்னாள் மாணவர் என்றதும் நாம் தேடுவது டாக்டரை, கலெக்டரை, சாஃப்ட்வேர்க்காரரை. ஊரை விட்டுப் போகாதவரை யாரும் தேடுவதில்லை. பத்தாம் வகுப்போடு நின்று இ-சேவை மையம் நடத்துகிறவர், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், தாலுகா அலுவலக உதவியாளர், ஆட்டோ ஓட்டுநர், டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், இவர்களும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தானே. முடிவு வந்த வாரத்தில் இ-சேவை நடத்தும் பழைய மாணவர் இரண்டு மாலை நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால், அது ஒரு பீரோவுக்கு மேல் என்பது என் துணிபு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டுவரை வருடம் 12,000 ரூபாய். அதில் மனத்திறன் தாள் பழகினால் வரும், பழகாவிட்டால் புதிர். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பழக்க உள்ளூரில் இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண் போதும். அந்தப் பெண்ணை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பெண் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. வாட்ஸ்அப் பேட்ச் குழுக்களை எட்டிப் பாருங்கள், ஆண்களே நிறைந்திருப்பார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பெண்கள் எங்கே? திருமணமாகி வேறு ஊர், வேறு கைபேசி எண், சில வீடுகளில் கணவரின் எண். ‘ஆம்பளைங்க குரூப்’பில் சேர்வதற்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எனவே பெண்களுக்குத் தனித் தொடர்பு வேண்டும். அதை ஓர் ஆசிரியை வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவிடம் போய் ‘இன்னும் மூணு வருஷம் படிக்கட்டுங்க்கா’ என்று பேச, கோட்டு போட்ட அண்ணனால் ஆகாது. அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, அதே பள்ளியில் படித்து, இன்று அங்கன்வாடிப் பணியில் இருக்கிற பெண்ணால் ஆகும்.

கசப்பான விஷயம் ஒன்று. நம் ஊர்களில் பள்ளிக்கூடம் சாதிக்கு வெளியே இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படிப்பவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. முன்னாள் மாணவர் அமைப்பு ஒரு தெருவின் அமைப்பாகிவிட்டால், அது இல்லாமல் இருப்பதே நல்லது. ஐந்து பேர் குழு என்றால் அந்த ஐவரும் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் பார்த்தே ஆக வேண்டும்; அதில் நாசூக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். அவள் வாங்கியது கட்டணத் தொகை. தெருவுக்கே தெரிய வேண்டியது அதில் எதுவுமில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பு இன்னொன்று. வழிகாட்டுகிறேன் என்று வருகிற எல்லோரையும் நம்பி மாணவிகளின் எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. பேச்சு பள்ளி வளாகத்தில், பகலில், ஓர் ஆசிரியர் இருக்கும்போது நடக்கட்டும். தனியாக அழைப்பது, இரவில் செய்தி அனுப்புவது கூடாது என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று வருகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் புழங்கினால் கணக்கு வேண்டும். சின்னத் தொகை போதும் என்பது என் கருத்து; விண்ணப்பக் கட்டணம், பயணச் செலவு, சேர்ந்த மாதத்துக்கு ஒரு தட்டு, போர்வை, இரண்டு நோட்டு. முதல் மதிப்பெண் எடுத்தவனுக்குப் பத்தாயிரம் கொடுப்பதைவிட, இரண்டாயிரம் இல்லாமல் சேர்க்கையைத் தவறவிடப் போகிறவனுக்கு அதைக் கொடுப்பது மேல். முதல் மதிப்பெண் எடுத்தவனைத் தூக்கிவிட ஊரே நிற்கும். இதற்கெல்லாம் சங்கம் பதிவு செய்ய வேண்டியதில்லை. தொகை வளர்ந்தால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்குழு கட்டாயம். அதில் ஒரு பயனும் உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இஸ்ரோ விஞ்ஞானிகளுக்கு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் தன் தொகை முழுவதையும் தான் படித்த பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆகிய நான்கின் முன்னாள் மாணவர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். கொடுக்க ஒருவருக்கு மனம் வரும் நாளில் வாங்கிக்கொள்ளக் கணக்கு வழக்கோடு ஓர் அமைப்பு இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ வாங்கிவிட்ட பழைய நண்பன் அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறாத சங்கம் அதைத் தொடக் கூடாது. பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான் என்று சொன்னாலும் எடுபடாது.

கடைசியாக, இதையெல்லாம் யார் கையில் வைத்திருப்பது? ஆர்வமுள்ள தலைமையாசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் தொடங்குவார், மூன்றாம் வருடம் மாறுதலாகிப் போவார். புதிதாக வருபவரிடம் ஒரு பெயர்கூட இருக்காது. ஆகவே பெயர்களை அவருடைய கைபேசியில் வைக்காதீர்கள். பள்ளியின் பதிவேடுகளோடு ஒரு நோட்டாக, மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் முடியும் நாளில் பிள்ளைகளை அரை மணி நேரம் நிறுத்துங்கள். சொந்த எண், அம்மாவின் எண், ஊரை விட்டு நகராத உறவினர் ஒருவரின் எண் மூன்றையும் அவரவர் கையாலேயே எழுதட்டும். பதினெட்டு நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ஜூலையில் அந்த மூன்று எண்களுக்கும் கூப்பிட்டு எங்கே சேர்ந்தாய் என்று கேளுங்கள். சேராதவர் பட்டியல் அன்றே கையில் கிடைக்கும், சேர்க்கை முடிவதற்குள் ஓடிப் பார்க்க முடியும். சேர்ந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடுத்த மே மாதம், முடிவு வந்த மறுவாரம், ஒரு நாள் பள்ளிக்கு வர முடியுமா என்று. பஸ் கட்டணத்தை மே மாதச் சங்கமம் நடத்துகிற அந்தப் பேட்ச் அண்ணன்கள் கொடுக்கட்டும்.